காற்று காட்டிய இடம்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய். ஏசி அறை, வெள்ளைக் கோட்டு, மாதம் பிறந்தால் சம்பளம். என் எண்ணை உன் கைபேசியில் அடைத்து வைத்திருக்கிறாய் என்பது நான்கு தடவை கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அதனால் தபால். பட்டறையில் ஒழுங்கான காகிதம் கிடையாது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஆயில் கறையைக் கண்டுகொள்ளாதே.

விஷயம் இதுதான். எரிந்துபோன என்ஜினைப் பிரித்து, நான்கு பிஸ்டனையும் மாற்றி, வேறு டர்போ போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திவிட்டேன். ஏப்ரல் 20 கார்ப் போட்டி. சிட்டுதான் ஓட்டப்போகிறாள். காலுக்குள் கம்பி வைத்திருப்பவள் ஓட்டலாமா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். "கம்பி என் கால்லதான இருக்கு, உன் நாக்குல இல்லையே, நீ ஏன் பேச முடியாம முழிக்கிற?" என்றாள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது வண்டிக்குப் பெட்ரோல்-காற்றுக் கலவையை அளக்கும் புது வைட்பேண்ட் மீட்டர் வேண்டும். கடைக்காரர் மூன்று மீட்டர்களைப் பார்த்துவிட்டுத் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒன்று முள் வைத்த வட்டம். ஒன்று சிவப்பு எண் காட்டுவது. மூன்றாவதுக்கு முகமே இல்லை, கறுப்புப் பெட்டி, சொல்வதை நேராக லேப்டாப்பில் சொல்லும். மூன்றின் சென்சாரையும் ஒரே புகைக்குழாயில் பக்கத்தில் பக்கத்தில் துளை போட்டு மாட்டி, வண்டியை நின்ற இடத்திலேயே உருளையில் ஓடவிடும் டைனோவில் ஏற்றி, கடைசி கியரில் முழுசாக மிதித்தேன். வட்டம் 11.8 என்கிறது. சிவப்பு 11.9 என்கிறது. கறுப்பு மட்டும் 12.4 என்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று சொல்ல வேண்டிய மூன்று பேரும் இப்படி ஆளுக்கொன்று சொன்னால் நான் யாரை நம்புவது? 11.8 என்றால் நம் வண்டி தரையில் நடக்கிறது. 12.4 என்றால் கயிற்றில் நடக்கிறது. அதற்கு மேல் ஏறினால், பெட்ரோல் போதாமல் என்ஜின் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

இரண்டு பேர் ஒரே பேச்சு, ஒருத்தன் மட்டும் வேறு பேச்சு. நியாயப்படி கறுப்பைத் தூக்கிப் போட வேண்டும். ஆனால் மூன்றிலும் விலை கூடியது அதுதான். அதனால் கை வரவில்லை.

மேல்மாடி வயலின் வாத்தியார் இன்னும் புகார் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். போன வருடம் ஆரம்பித்த தலைவலி. ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வேலை. அவருடைய மாணவர்கள் எழுப்பும் சத்தத்துக்கு நாங்கள் யாரிடம் புகார் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

உன்னை வந்து டியூன் பண்ணச் சொல்லவில்லை. பெட்ரோலுக்கும் தீப்பொறிக்குமான கணக்கை, அந்த மேப்பை, நானே பார்த்துக்கொள்வேன். எதை வாங்கலாம் என்று மட்டும் சொல். நான் எழுதுவது சிட்டுவுக்குத் தெரியாது.

தம்பி

---

பிப்ரவரி 13

பட்டறை முதலாளிக்கு,

கோட்டு வெள்ளை இல்லை, சாம்பல் நிறம். ஏசி இருப்பது புகை அளக்கும் இயந்திரங்களுக்கு. எங்களுக்கு இல்லை.

உன் எண்ணை ஏன் அடைத்தேன் என்று உனக்குத் தெரியும். தெரியாதது போல் எழுதுகிறாய். எக்ஸ்ரே அறைக்கு வெளியே, சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும் அந்த வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க நீ சொன்னாய்: "நீ எழுதுன நம்பர்தான் அவ கால ஒடச்சுது. இனிமே எங்க மூஞ்சில முழிக்காத." மறுநாள் அதையே போனிலும் சொன்னாய். நான் எழுதிய நம்பர் 11.9. மீட்டர் காட்டிய நம்பரும் 11.9. அந்த நம்பரில் அந்த என்ஜின் உருகியிருக்கக் கூடாது. எட்டு மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சோற்றில் கை வைக்கும்போதுகூட.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன்.

வட்டத்தை வாங்காதே. முள் பார்க்க அழகு. ஆனால் எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து என்ன ஆச்சு என்று கேட்கும் ஆள் அது. கியர் மாற்றும் அந்த அரை நொடியில் கலவை எங்கே போய்த் திரும்பியது என்று அதற்குத் தெரியவே தெரியாது. சிவப்பு பரவாயில்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் எண் தெரியாது. சிட்டு தலைக்கவசத்துக்குள் இருந்துகொண்டு கண்ணைச் சுருக்கினால் பாதையைப் பார்க்க மாட்டாள். கறுப்பை வாங்கு.

விலை கூடியது என்பதால் இதைச் சொல்லவில்லை. இரண்டு பொய்சாட்சிகள் சேர்ந்தால் உண்மை ஆகிவிடாது. அந்த இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று முதலில் பார். வட்டத்துக்கும் சிவப்புக்கும் நாம்தான் காற்று காட்ட வேண்டும். கறுப்புக்கு வேண்டாம், அதன் சென்சார் தொழிற்சாலையிலேயே கற்றுக்கொண்டு வருகிறது.

நீ கையேட்டைப் படிக்காமல் பெட்டியைப் பிரிக்கிற ஆள் என்பதால் மறுபடி சொல்கிறேன். சென்சாரைக் குழாயிலிருந்து கழற்றி, சுத்தமான காற்றில் பிடித்து, பொத்தானை அழுத்தினால், இதுதான் வெறுங்காற்று என்று மீட்டர் மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் அது சொல்லும் ஒவ்வொரு எண்ணும் அந்த மனப்பாடத்தை வைத்துத்தான். புகை கலந்த காற்றைக் காட்டினால் அதையே வெறுங்காற்று என்று நம்பிவிடும். அதன் பிறகு பெட்ரோல் குறைவாகப் போனாலும், தாராளமாகப் போகிறது, பயப்படாதே என்று சொல்லும்.

இந்த இரண்டுக்கும் எங்கே வைத்துக் காற்று காட்டினாய்? ஷட்டர் இறங்கியிருந்ததா? பக்கத்தில் ஏதாவது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா? இதற்குப் பதில் எழுது. வயலின் வாத்தியார் கதை வேண்டாம்.

உன் அக்கா

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

பார், அன்புள்ள என்றே போட்டுவிட்டேன். காரியம் முடிந்த சந்தோஷம்.

புலி வருகிறது என்று பயந்தால் வந்தது பூனை. வட்டத்துக்கும் சிவப்புக்கும் கனெக்டர் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். துடைத்து இறுக்கி மாட்டினேன். மறுபடி டைனோவில் ஏற்றினேன். 12.4, 12.4, வட்டம் மட்டும் 12.3. மூன்று பேரும் ஒரே பாட்டு. நீ சொன்னபடி கறுப்பை வாங்கிவிட்டேன். மற்ற இரண்டையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. 12.4 அதிகம் என்பதால் என்ஜின் வேகமாகச் சுற்றும் இடத்தில் கொஞ்சம் பெட்ரோல் கூட்டிவிட்டேன், இப்போது 11.7.

நீ கேட்டாயே, காற்று எப்போதும் காட்டுவது போல் வெளியில் வைத்துத்தான் காட்டினேன். பக்கத்தில் எந்த வண்டியும் ஓடவில்லை, இன்றைக்கும் சரி, அன்றைக்கும் சரி. அதில் சந்தேகமே வேண்டாம்.

சிட்டு நேற்று ஊன்றுகோல் இல்லாமல் பட்டறைக்கு நடந்து வந்தாள். வந்ததும் வராததுமாக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது, ஆனால் காலை எடுக்கவில்லை. பத்துத் தடவை மிதித்தாள். நான் ஸ்பேனரைத் தேடுவது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உதவிக்கு நன்றி. இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

தம்பி

---

மார்ச் 1

தம்பிக்கு,

இரண்டு கனெக்டர்கள், இரண்டு வேறு கம்பெனி, ஒரே நாளில் ஒரே அளவுக்குத் தளர்ந்து, ஒரே அளவுக்குப் பொய் சொன்னதா? கனெக்டர் தளர்ந்தால் மீட்டர் குதிக்கும், இல்லையென்றால் செத்துப்போகும். உட்கார்ந்து நிதானமாக அரை எண் குறைத்துச் சொல்லாது. இது உனக்கும் தெரியும்.

அது கிடக்கட்டும். நான் இந்த மாதத்து மீட்டர்களைப் பற்றித்தான் கேட்டேன். 'அன்றைக்கும் சரி' என்று எழுதியிருக்கிறாயே, அன்றைக்கு என்பது என்றைக்கு? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீயாக எதற்குச் சொல்கிறாய்?

போன ஜூனில் அந்த வண்டியை நான் டியூன் செய்த அன்று நான் மதியம்தான் பட்டறைக்கு வந்தேன். வழக்கமாக நான்தான் சென்சாரைக் கழற்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போவேன், நீ கேலி செய்வாய், 'நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா' என்று. அன்றைக்கு நீ "காலையிலயே காட்டியாச்சு, வேலையப் பாரு" என்றாய். நான் வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நேர்பாதையில் முழு வேகத்தில் பிஸ்டன் உடைந்து, ஆயில் அவள் சக்கரத்துக்கே கீழே கொட்டி, வண்டி சுவரில் போய் அடித்தது.

பழைய மீட்டரை எறிந்திருக்க மாட்டாய். நீ துருப்பிடித்த நட்டைக்கூட எறியாதவன். அதையும் அதன் சென்சாரையும் எனக்கு அனுப்பு. இங்கே எங்களிடம் சிலிண்டர்களில் வாயு இருக்கிறது, எதில் எது எவ்வளவு என்று முத்திரை குத்தி வரும். அதைச் சென்சாருக்குக் காட்டினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், அன்று 11.9 என்று அது சொன்னது நிஜமாகவே 11.9 தானா என்று. கடைசியாகக் கற்றுக்கொண்ட பாடம் அதற்குள் அப்படியே இருக்கும், கரண்ட் போனாலும் அழியாது.

அதனால் பொத்தானை அழுத்தாதே. எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தாதே.

மீட்டர் சரியென்றால் சிட்டுவின் காலை உடைத்தது நான். தப்பென்றால் நான் இல்லை. எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

---

மார்ச் 12

அக்காவுக்கு,

கேட்டதை அனுப்பியிருக்கிறேன். வயர் ஒன்று அறுந்திருந்தது, பற்றவைத்திருக்கிறேன். வேறொன்றும் செய்யவில்லை.

பெட்டி கட்டும்போது சிட்டு வந்துவிட்டாள். மேல்விலாசத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்து போட்டாள். போன மாதம் அவள் காலிலிருந்து கழற்றிய திருகாணி அது. "இது என்ன சைஸ்னு அக்காவால மட்டும்தான் பாத்த உடனே சொல்ல முடியும், கேளு" என்றாள்.

தம்பி

---

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு மில்லிமீட்டர். அறுகோணக் குழித் தலை. சிட்டுவிடம் சொல்.

மீட்டர் சரியாக இருக்கிறது. 11.9 வாயுவுக்கு 11.9 காட்டுகிறது. 12.8-க்கு 12.8. சென்சார் சூடாறட்டும் என்று விட்டு, மறுபடி வைத்தேன். மறுநாள் காலையில் இன்னொருத்தரை வைத்து, என் கை படாமல் பார்க்கச் சொன்னேன். அதே எண்கள்தான். சுவரில் மோதிய வண்டியிலிருந்து வந்த மீட்டர் இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

அப்படியானால் கலவை சரியாகத்தான் இருந்திருக்கிறது. மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. நான் அன்று தீப்பொறி விழும் நேரத்தை இரண்டு டிகிரி முன்னால் தள்ளினேன். நேர்பாதையில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் இழுவை கிடைக்கட்டும் என்று. அந்த என்ஜின் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். தாங்கவில்லை. நீ வராந்தாவில் சொன்னது சரி. கத்திச் சொன்னாய் என்பதால் அது பொய் ஆகிவிடாது.

உன் மேல் சந்தேகப்பட்டேன். குதிர், அப்பன் என்றெல்லாம் எழுதினேன். மன்னித்துக்கொள். நீ வாயால் ஆயிரம் பொய் சொல்வாய். பல் துலக்கினாயா என்றால்கூடப் பொய்தான். மீட்டரில் பொய் சொன்னவன் இல்லை. அது எனக்கு மறந்துபோய்விட்டது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலையில் பல் வலி, டாக்டரிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேனே, பொய். இந்த வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். உன்னிடம் சொல்லாமல் பட்டறையை விட்டுப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மனம் முழுக்க அங்கேயே இருந்தது. பாதி மனதோடு உட்கார்ந்து மேப் போட்டிருக்கிறேன். இரண்டு டிகிரி அங்கேதான் தவறியிருக்கிறது.

என் மேப்பை உன் லேப்டாப்பிலிருந்து அழித்துவிடு. பழையது, அதற்கும் பழையது, எல்லாவற்றையும். வேறு நல்ல ஆளாகப் பார். இங்கேயும் என்ஜின் பக்கம் வேண்டாம், கோப்புப் பக்கம் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சிட்டுவுக்கு ஒரு கடிதம் இதனுடன் இருக்கிறது. ஒட்டவில்லை. நீ படித்துவிட்டே கொடுக்கலாம். கொடுத்துவிடு, அது போதும்.

அக்கா

---

மார்ச் 26

அக்கா,

கடிதம் கிடைத்தது. எதையும் அழிக்கவில்லை. கோப்புப் பக்கம் போகாதே. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கு. ஏன் என்று எழுதுகிறேன், இன்றைக்கு முடியவில்லை.

---

மார்ச் 30

அக்கா,

இதோடு இந்தக் கடிதத்தை ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன். முதல் நாலிலும் எப்படியோ பழி வயலின் வாத்தியார் மேல் போய் விழுந்தது. அதனால் கிழித்துப்போட்டேன்.

பொத்தானை அழுத்தினேன். நீ கோடு போட்டு எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

போன ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாரம்தான் வாத்தியாரின் முதல் புகார் வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டேன். புகையை இழுக்கும் ஃபேனின் பெல்ட் அறுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு வாடிக்கையாளரின் வேன் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, என்ஜின் சூடாகட்டும், ஆயில் வடிக்கலாம் என்று விட்டிருந்தேன். நீ வரத் தாமதம். நீ வருவதற்குள் காற்று காட்டிவைத்தால் நேரம் மிச்சம் என்று சென்சாரைக் கழற்றி, காலண்டர் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். வேனின் குழாய்க்கு ஒரு கை தூரம். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். குழாய்க்கு வெளியே இருந்தால் போதும், அதுதான் திறந்த காற்று என்று நினைத்திருந்தேன் அக்கா. இத்தனை வருடமாக நீ தெருமுனை வரைக்கும் போவதை நான் உன் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தேன். நீ வந்தபோது ஷட்டரைத் திறந்துவிட்டிருந்தேன். புகை போயிருந்தது.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்று, ஷட்டருக்குள்ளேயே காற்று காட்டியிருந்த அந்த இரண்டு சென்சார்களையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று காட்டினேன். திரும்பி வந்து மிதித்தேன். 12.4. கனெக்டரைத் தொடவே இல்லை. டைனோ மேல் வண்டி அணைந்து ரொம்ப நேரம் ஆகியும் நான் இறங்கவில்லை.

உன் மார்ச் கடிதம் வந்ததும் பழைய மீட்டரை அதே குழாயில் கறுப்புக்குப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தேன். நான் திருத்திய மேப்பில்தான். கறுப்பு 11.7 என்றது. பழையது 11.0 என்றது. புள்ளி ஏழு, அக்கா. அன்று அது உனக்கு 11.9 என்று சொன்னபோது உள்ளே 12.6 வாக்கில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த ஓட்டத்தின் தாளை அச்செடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன், தேதி இருக்கிறது, இரண்டு கோடும் தனித்தனியாகத் தெரியும். அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அப்புறம் தெருவுக்குப் போய் சுத்தமான காற்றைக் காட்டிப் பொத்தானை அழுத்தி உனக்கு அனுப்பினேன். தாளைக் கிழிக்க மனம் வரவில்லை, பாடத்தை அழிக்க மட்டும் கை வந்தது. இது என்ன மாதிரி மனசு என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அவள் காலைப் பார்க்கும்போதெல்லாம் நான் சாய்ந்துகொள்ள எனக்கு ஒரு சுவர் இருந்தது. அக்காதான் செய்தாள் என்ற சுவர். அது இல்லாமல் அவள் எதிரில் நிற்க எனக்குப் பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ எதிர்த்து நிற்பாய், கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ ஒத்துக்கொண்டாய். என்னை மீட்டரில் பொய் சொல்லாதவன் என்று எழுதினாய். அந்த வரியைப் படித்த பிறகு பட்டறையில் எந்த மீட்டரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சிட்டுவுக்கு நீ எழுதிய கடிதம் நான்கு நாள் என் சட்டைப்பையில் இருந்தது. நேற்று அதைக் கொடுத்தேன். அவள் படித்து முடித்ததும் இது அத்தனையையும் சொன்னேன். அச்செடுத்த தாளையும் காட்டினேன். அவள் கோடுகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு நெனவு வந்ததும் அக்கா எங்கன்னு கேட்டேன். அவங்களாதான் வர மாட்டேன்னுட்டாங்கன்னு சொன்னியே. அதுவும் பொய்யா?"

ஆமாம் என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. சமைக்கிறாள், சாப்பிடுகிறாள், எனக்கும் எடுத்து வைக்கிறாள். சுவரோடு இருப்பது போல் இருக்கிறது. இன்று காலை பட்டறைக்கு வந்து வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மேப் அக்கா கை பட்டா ஓட்றேன். இல்லன்னா வித்துடு."

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் இல்லை. நடந்தது இது. நீ இரண்டு டிகிரி தள்ளியதால் எதுவும் ஆகவில்லை. உன் கணக்கு சரி. உன் கணக்குக்குக் கீழே நான் வைத்த காற்றுதான் தப்பு.

தம்பி

---

ஏப்ரல் 6

தம்பி,

உன் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், பிறகு உன்னைத் திட்டினேன், வாய்விட்டே. பக்கத்துக் கதவில் இருந்தவர் யாராக இருந்தாலும் சில புது வார்த்தைகள் கற்றுக்கொண்டிருப்பார்.

ஆணியில் தொங்கவிட்டதற்கு உன்மேல் கோபம் இல்லை. அது தெரியாமல் செய்தது. நான் வந்து எண்ணைப் பார்த்தவுடன் மறுபடி ஒருமுறை காட்டியிருக்க வேண்டும். பாதி மனதோடு உட்கார்ந்தேன் என்று நான் எழுதியது பொய் இல்லை. அந்த வேன், அந்த பெல்ட், அந்தப் பொய்ப் பல்வலி எல்லாம் சேர்ந்துதான் அவள் காலை உடைத்தது. அதில் என் பங்கை நானே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பொத்தானை அழுத்தினாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. பதினெட்டு நாள், தம்பி. உன் பெட்டி வந்து நான் சோதித்ததிலிருந்து உன் கடிதம் வரும் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு நாள் நான் அவள் காலை உடைத்தவளாகவே எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, வேலைக்குப் போய் வந்தேன். அவளுடைய திருகாணி மேசை மேல் இருந்தது. அதன் மேல் ஒரு காகிதத்தைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவளுக்கு நினைவு வந்ததும் என்னைக் கேட்டாள் என்பதை ஒன்பது மாதம் மறைத்தாயே, அதுவும் அப்படித்தான். இவற்றை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது கனெக்டர் கதை மாதிரி ஆகிவிடும். எழுத மாட்டேன்.

கோப்புப் பக்கம் போவதாக எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேன். மேலதிகாரி ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தார், அவ்வளவுதான்.

சிட்டுவோடு நேற்று பேசினேன். அவள் எண்ணை நான் அடைக்கவே இல்லை. ஒன்பது மாதம் அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, இரண்டு பேரும் நீ சொன்னதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் பேசினோம். அதில் உன்னைப் பற்றி ஐந்து நிமிடம். என்ன பேசினோம் என்று உனக்குச் சொல்வதாக இல்லை. நான் அவளுக்கு எழுதிய கடிதத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும். உன் சட்டைப்பைக்கு அது திரும்பி வரக் கூடாது.

ஏப்ரல் 12 சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு என் பஸ் வந்து நிற்கும். லேப்டாப் கொண்டுவருகிறேன். சிவப்பு மீட்டர் ஒன்றும், நீ அனுப்பிய பழையதும் என் பையில் இருக்கும். கறுப்பை மட்டும் நம்பி அவளை நான் உட்காரவைக்க மாட்டேன், தொழிற்சாலையிலும் உன்னை மாதிரி ஒருத்தன் இருக்கலாம். மூன்றையும் ஒரே குழாயில் மாட்டி, மூன்றும் ஒரே எண் சொன்னால்தான் மேப்பில் கை வைப்பேன். சொல்லாவிட்டால் அவள் ஓட்டவில்லை. அவளுக்கும் இது சம்மதம்.

பழையதன் சென்சார் இத்துடன் தனியாக வருகிறது. மீட்டர் என்னிடம், சென்சார் உன்னிடம். பொத்தான் மீட்டரில் இருக்கிறது, கவனித்தாயா?

பஸ் நிறுத்தத்திலிருந்து பட்டறைக்கு நடக்க நான்கு நிமிடம். சனிக்கிழமை காலையில் நான் திரும்பும்போது உன்னைத் தெருமுனையில் பார்க்க வேண்டும். மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம், எந்த வண்டிக்கும் பக்கத்தில் இல்லாமல். ஏழு மணிக்கே வந்துவிடு. சென்சாரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில். பால்காரர் கேட்பார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கும், வயலின் வாத்தியார் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். அக்கா சொன்னாள் என்று சொல்.

நான் வந்து, வயரை மாட்டி, பொத்தானை என் விரலால் அழுத்தி, எண்ணைப் பார்த்த பிறகு நீ கையை இறக்கலாம்.

அக்கா